ஜெர்மன் அக்கா போட்ட எக்ஸ்டென்ஷன்கள்

லண்டனில் எங்கள் ஆட்கள் எக்ஸ்டென்ஷன் என்று சொன்னால், அது வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்டும் குசினி என்ற சமையலறையைத்தான் குறிக்கும். கவுன்சில் அனுமதி தந்ததா, பக்கத்து வீட்டுக்காரன் எதிர்த்து எழுதினானா என்பவைதான் அடுத்த கேள்விகளாக இருக்கும். அதனால் அந்த அக்கா எங்கள் கடைக்கு வந்து, "தங்கச்சி, உந்த அஞ்சாம் நம்பரிலை ரெண்டு எக்ஸ்டென்ஷன் போடட்டோ?" என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இது வாடகைக் கடை அக்கா. சுவரிலை ஆணி அடிக்கவே முதலாளி விடமாட்டார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஐந்தாம் இலக்கக் கணினியின் திரையை விரலால் தட்டி, "இதுக்குள்ளை" என்றார்.

கடை அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட்டை விட்டுத் திரும்பும் சிறு தெருவில் இருந்தது. முன்பக்கம் டெலிபோன் கார்ட்டும் போட்டோகொப்பியும். பின்பக்கம் தட்டி போட்டுப் பிரித்த ஆறு கணினிகள். நான் கவுண்டரில் நின்றேன். காலையில் கணினிகளை இயக்குவது, மாலையில் பூட்டுவதற்கு முன் ஆட்கள் பார்த்த தடயங்களையெல்லாம் அழித்துவிட்டு அணைப்பது, இரண்டும் என் பொறுப்பு. ஆட்கள் வங்கிக் கணக்கு, விசா விண்ணப்பம் எல்லாம் அங்கே திறப்பதால் முதலாளி அந்த விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பதினாறு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுக் கணவரோடு கிழக்கு லண்டன் பார்க்கிங் பகுதிக்கு வந்து குடியேறியவர். ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, காலை ஷிப்ட். இரண்டு மணியளவில் நீலச் சீருடைக்கு மேலே கோட்டைப் போட்டபடி வந்துவிடுவார். அவரிடமிருந்து எப்போதும் ஆஸ்பத்திரிச் சவர்க்கார வாசம் வரும். கடைக்கு வருகிறவர்கள் அவரை 'ஜெர்மன் அக்கா' என்றார்கள். கணினி அறிவை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. ஜெர்மன் ஆட்கள் கணினியைப் பற்றி இணையத்தில் எழுதும் இடங்களில் வாசித்து வாசித்துப் பிடித்துக்கொண்டது.

"உவங்கள் ஒண்டையும் விடாமல் எழுதி வைப்பாங்கள் தங்கச்சி. எத்தினையாவது பட்டனை அமத்தவேணும் எண்டதுவரைக்கும் கிடக்கும். எங்கடை ஆக்கள் கறிக்கு உப்புக் கணக்கே சொல்லமாட்டினம்."

அவர் ஐந்தாம் இலக்கத்தில் ஒரு புது உலாவியை இறக்கியிருந்தார். மற்ற உலாவிகள் கேட்ட பக்கத்தைக் காட்டுவதோடு நின்றுவிடும். இதில் இடது ஓரத்தில் நமக்குத் தெரிந்தவர்களின் முகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். யார் படம் போட்டார்கள், யார் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அந்தந்த முகத்துக்குப் பக்கத்தில் தானாக வரும். அக்காவின் பட்டியலில் எல்லோருக்கும் மேலே ஒரு இளைஞனின் முகம் இருந்தது. நீலச் சட்டை, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி. அவருடைய ஒரே தம்பி. கிளிநொச்சியில் டியூட்டரி ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவர். அவர் கடைசியாக எழுதியது முகத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது: 'மழை. நாளைக்கு வகுப்பு இல்லை.' எழுதி நாலு மாதம் ஆகியிருந்தது.

பேசாத ஆட்களை அந்த உலாவி மெல்ல மெல்லக் கீழே தள்ளிவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் மேலே வருவார்கள். தம்பியின் முகம் கீழே போய்விடாமல் உச்சியிலேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அக்கா முதலாவது எக்ஸ்டென்ஷனை, உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரலை, தேடிப் போட்டார். இரண்டாவது, பக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிப்பது.

எதையும் கிடந்தபடி விடமாட்டார் அவர். குறை இருந்தால் அதற்கு ஒரு சிறு துண்டு எங்கோ ஒருவன் செய்து வைத்திருப்பான், தேடினால் கிடைக்கும் என்று நம்பினார். பக்கத்துக் கணினியில் யாராவது பெருமூச்சு விட்டால் போதும், நாற்காலியைத் திருப்பி, "உங்களுக்கு இதிலை என்ன குறை?" என்று கேட்பார்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து வரும் வயதான ஐயா ஒருவர் கனடாவில் இருக்கும் மகளுக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குத் தமிழில் தட்டுவதற்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதர் மகளின் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல் அப்படியே அனுப்பினார். "மிச்சத்தை நாளைக்கு எழுதுறன் பிள்ளை" என்று எழுந்து போய்விட்டார். செய்தித் தளங்கள் பல அப்போது பழைய எழுத்துருவில் இருந்தன; எங்கள் கணினிகளில் திறந்தால் கோடும் புள்ளியுமாகத் தெரியும். அதைத் திருத்திக் காட்டுகிற எக்ஸ்டென்ஷனை ஆறு கணினிகளிலும் போட்டார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், இதெல்லாம் நீங்களே கத்துக்கிட்டீங்களா? எங்க ஆபீஸ்லயே பாதிப் பேருக்கு இது தெரியாது. நீங்க வேற வேலைக்கு ட்ரை பண்ணலாமே" என்றார். அக்கா, "எனக்கு வேலை இருக்குது தம்பி. இது வேலையில்லை" என்றார்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்ததும் வன்னியில் போர் இறுகி, கடையின் சத்தம் மாறிவிட்டது. வன்னியிலிருந்து போன் வருவது நின்றது. கார்ட் வாங்க வந்தவர்கள், வாங்கி என்ன பயன் என்று கணினிப் பக்கம் போனார்கள். காலையிலிருந்து நாற்காலிகள் நிறைந்து, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டு பார்ப்பார்கள். அங்கிருந்து வரும் படங்களை ஏதேதோ தளங்கள் போட்டன. யாரும் அதிகம் பேசுவதில்லை. சிலவேளை ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போவார். அந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருவார்.

அக்காவின் வீட்டில் கணினி இருந்தது. ஆனால் அவர் சாப்பாட்டையும் மறந்து அதன் முன்னாலேயே கிடக்கிறார் என்று கணவர் இணைய இணைப்பை வெட்டிவிட்டார். ஒருநாள் அந்த மனிதர் கடைக்கு வந்து, "வேலை முடிஞ்சு இஞ்சைதான் வாறா எண்டு தெரியும். கடை பூட்டேக்குள்ளை எண்டாலும் எழுப்பி அனுப்பிவிடுங்கோ தங்கச்சி" என்று கேட்டுக்கொண்டு, தன் போன் நம்பரையும் தந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் கண்ணின்கீழ் கறுத்துப்போயிருந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு கர்ப்பிணிப் பெண் வரத் தொடங்கினார். தாய் தகப்பன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களின் பெயர்கள் ஒரு தளத்தில் வரும். அதை அவர் வாசிக்க வேண்டும், ஆனால் பெயர்களுக்கு நடுவே இருந்த படங்களை அவரால் பார்க்க ஏலவில்லை. திரையின் பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தார். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. எழுந்து போய், படங்களை மட்டும் மறைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டார். படம் இருந்த இடங்களில் வெறும் பெட்டிகள் நின்றன.

"இனி வாசியும். ஒண்டும் தெரியாது" என்றார்.

எப்படிப் போடுவது என்று எனக்கும் காட்டித் தந்தார். "நான் இல்லாத நேரம் அந்தப் பிள்ளை வந்தால் நீர் போட்டுவிடும். போகேக்குள்ளை மறக்காமல் எடுத்துவிடும்."

தன் கணினியில் அதை அவர் போடவே இல்லை. போட்டது வேறு. படத்தை நாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது ஒன்று. ஒரு பக்கம் மாறியவுடன் மணி அடிப்பது ஒன்று. பார்த்த பக்கத்தை முழுதாகச் சேமித்து வைப்பது ஒன்று, ஏனென்றால் தளங்கள் இருந்தாற்போல் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு நாளும் வந்தவுடன் அன்றைய பக்கத்தைச் சேமித்துத் தன் பென்டிரைவில் ஏற்றிக்கொள்வார். பிறகு முகம் முகமாகப் பெரிதாக்கிப் பார்ப்பார். கிடக்கிறவர்களின் முகம், தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் முகம், பின்னால் மங்கலாக நிற்கிறவர்களின் முகம். நான் ஒருநாள், "எப்பிடி அக்கா உதைப் பாக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"அவன் நிண்டு, நான் பாக்காமல் விட்டால்?" என்றார்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணியிருக்கும். அக்கா ஷிப்டில் இருந்தார். அவருடைய கணினியை வேறு யாருக்கும் கொடுக்காமல், நான் காலையிலேயே அவர் தந்திருந்த கடவுச்சொல்லைப் போட்டு, அவர் நாளும் பார்க்கும் தளத்தைத் திறந்து வைப்பது வழக்கம். மணி அடித்தது. நான் போய்ப் பார்த்தேன். யார் நடத்தினார்கள் என்று எங்களுக்குத் தெரியாத சின்னத் தளம் அது. புதிதாக ஏழெட்டுப் படங்கள் வந்திருந்தன. மூன்றாவது படத்தில், ஒரு மரத்தின் கீழ் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களில் இரண்டாவது ஆள் நீலச் சட்டை போட்டிருந்தார். முகம் அரைவாசி திரும்பியிருந்தது. ஓரத்தில் தம்பியின் முகம் இருந்தது, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி. ஒரே திரையில் இரண்டும். நான் இரண்டையும் மாறிமாறி ஒருமுறை பார்த்தேன். இரண்டாம்முறை பார்க்கவில்லை.

அக்கா இரண்டு மணிக்கு வருவார், அந்த நாற்காலியில் இருப்பார், நாலு மடங்கு பெரிதாக்குவார். எனக்குத் தோன்றியது அது மட்டும்தான். முதலில் கணவருக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது அக்கா கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் காட்டித் தந்தபடியே, படங்களை மறைக்கும் எக்ஸ்டென்ஷனை ஐந்தாம் இலக்கத்தில் போட்டேன். பெட்டிகள் வந்தன. கணவருக்கு எடுத்தேன். போன் அணைந்திருந்தது.

இரண்டு மணிக்கு அக்கா வந்தார். பெட்டிகளைப் பார்த்தார்.

"படம் ஒண்டும் விழேல்லை தங்கச்சி."

"காலமையிலையிருந்து அப்பிடித்தான்" என்றேன்.

"சைட்டிலை பிழை போலை" என்றார். அந்த நாட்களில் அது நடக்கிற விடயந்தான். வேறு கணினியில் பார்க்கலாமென்றால் எல்லாவற்றிலும் ஆள். வழக்கம்போலப் பக்கத்தைச் சேமித்தார், வெறும் பெட்டிகளோடு. மாலை பூட்டும்போது நான் வழக்கம்போல எல்லாத் தடயத்தையும் அழித்தேன். அன்று இரவு கணவரோடு பேசினேன். அவர், "நான் சொல்லுறன். நீங்கள் சொல்லாதையுங்கோ" என்றார். அவராலும் சொல்ல முடியவில்லை. மறுநாள் அக்கா போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்ற கூட்டத்தோடு போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்தபோதும் பெட்டிகள்தான். ஆனால் அன்று பக்கத்துக் கணினியில் படங்கள் தெரிந்தன, வேறு ஒரு தளத்தில். அக்கா அதைப் பார்த்தார். தன் திரையைப் பார்த்தார். எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தார். நான் கவுண்டரில் நின்று, யாருக்கோ கார்ட்டை எண்ணிக்கொடுத்தபடி அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் மேலிருந்து கீழாக அவர் விரல் ஓடி ஓரிடத்தில் நின்றது. அதை எடுத்துவிட்டு அந்தத் தளத்தைத் திரும்பவும் திறந்தார். அதற்குள் தளமே இல்லாமல் போயிருந்தது. இப்படியொரு பக்கம் கிடையாது என்று ஒரு வரி வந்தது. நாலைந்து தரம் அமத்தினார்.

பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

"நீரோ போட்டது?"

"ஓம் அக்கா."

"ஏன்?"

நான் கையிலிருந்த கார்ட்டுகளைக் கீழே வைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவனோ?"

"ஓம்."

"வடிவாப் பாத்தனீரோ?"

"நீலச் சட்டை அக்கா. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தது."

"நான் சட்டையைக் கேக்கேல்லை. முகம். இடப்பக்கப் புருவத்திலை ஒரு வெட்டு இருக்கும். அது இருந்ததோ?"

"நான் பாக்கேல்லை அக்கா. பாக்க ஏலாமல் போச்சு."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "நான் பாத்திருப்பன்" என்று மட்டும் சொன்னார். திரும்பப் போய் இருந்து அந்தப் படத்தைத் தேடத் தொடங்கினார். கணினிக்குள் மிச்சம் ஏதும் கிடக்குமோ என்று துழாவினார். எல்லாவற்றையும் நான் அழித்திருந்தேன். பென்டிரைவில் இருந்த செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தார். பெட்டிகள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் கனடாவிலும் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி, யாராவது அதைச் சேமித்தீர்களா என்று கேட்டார். நீலச் சட்டை போட்ட வேறு வேறு ஆட்களின் படங்கள் வந்தன. எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இல்லை" என்பார்.

பருத்தித்துறையில் இருந்த தாய்க்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? கடைக்காரப் பெண் ஒருத்தி ஒரு நிமிடம் பார்த்தாள் என்பதையா? தாய் போனில், "உன்ரை கொம்பியூட்டரிலை அவனைக் கண்டனியோ?" என்று கேட்பாராம். அக்கா, "இன்னும் இல்லையம்மா" என்பாராம்.

அடுத்த வருடம் கடை கைமாறியது. நான் கலியாணம் கட்டி ஹரோவுக்குப் போனேன். அக்கா என்னை விடவில்லை. கோபத்தில் விலகிப்போவார் என்றுதான் எண்ணியிருந்தேன். மாறாக, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் பிடித்து வந்துவிடுவார். கையில் ஏதாவது பலகாரம் இருக்கும். என் மகளைத் தூக்கிக் கொஞ்சுவார். குசினியில் என்னோடு நின்று வெங்காயம் உரிப்பார். போகும் நேரம், கோட்டைப் போட்டுக்கொண்டு, "ஒருக்காச் சொல்லும் தங்கச்சி" என்பார்.

நான் சொல்வேன். மரம். வரிசை. இரண்டாவது ஆள். நீலச் சட்டை. தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"கண் மூடியிருந்ததோ?"

"ஓம் அக்கா."

"போனமுறை தெரியேல்லை எண்டு சொன்னனீர்."

அவர் குற்றம் பிடிக்கவில்லை. நினைவில் வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்றுதான் பயம் பிடித்தது. சொல்லச் சொல்ல எனக்குள் இருந்த படம் மாறிக்கொண்டு வந்தது. அந்த மரத்தின்கீழ் கிடந்த முகத்தை நினைத்தால், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து சிரித்த முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எதை நான் உண்மையில் கண்டேன், எதை அக்காவின் திரை ஓரத்தில் ஆறு மாதம் பார்த்துப் பழகினேன் என்று பிரிக்க முடியவில்லை. அவருக்கு அதை ஒருநாளும் சொல்லவில்லை. என்னைத் தவிர அவருக்கு வேறு சாட்சி இல்லை.

ஆறு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை பகல் அக்கா கணவரோடு வந்தார். மகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு அப்போதுதான் நான் வீட்டுக்குள் வந்திருந்தேன். அக்கா மெலிந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"அம்மா போனமாசம் கண்ணை மூடீட்டா" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அவ இருக்குமட்டும் அவனுக்கு ஒண்டும் செய்ய விடேல்லை. உயிரோடை இருக்கிற பிள்ளைக்குச் செய்யிறதோ எண்டு கத்துவா. இப்ப அம்மாவுக்குத் திதி இருக்கு. அவனுக்கு இல்லை. வாற வெள்ளி கோயிலிலை ஐயரிட்டைப் பேசியிருக்கு. நீர் வரவேணும். பாத்த ஆள் ஒராள் நிக்கவேணும்."

"அக்கா, நான்..." என்று தொடங்கினேன். என்ன சொல்ல வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

"ஒண்டும் சொல்லாதையும். வாரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஈஸ்ட் ஹாம் பக்கம் இருந்த கோயிலுக்குப் போனேன். பின்மண்டபத்தில் ஐயர் தர்ப்பை, எள்ளு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். கணவர் வேட்டியோடு மணையில் இருந்தார். அக்கா ஒரு பக்கமாக, வெள்ளைச் சேலையில். ஐயர் தம்பியின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்கா சொன்னார்.

"மோசம் போன நாள்?" என்று ஐயர் கேட்டார். "திதி பாக்கவேணும். தெரியாட்டில் அமாவாசைக்குச் செய்யலாம். கன பேர் அப்பிடித்தான் செய்யினம்."

"தெரியும்" என்றார் அக்கா. "இவவைக் கேளுங்கோ ஐயா. இவதான் பாத்தவ."

ஐயர் என் பக்கம் திரும்பினார். நான் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியைச் சொன்னேன். ஐயர் பஞ்சாங்கத்தில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"அண்டைக்கு ரெண்டு திதி வருது. நேரம் தெரிஞ்சால்தான் சொல்லலாம். என்ன நேரம் போனது?"

"காலமை பதினொரு மணி" என்றேன், நான் படத்தைக் கண்ட நேரத்தை.

"உயிர் பிரிஞ்ச நேரம் அதுதானோ?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. எள்ளுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் ஐயா" என்றேன்.

ஐயர் ஒரு துண்டுத் தாளில் திதியை எழுதி நீட்டினார். அக்கா அதை வாங்கி, உதடு அசைய ஒருமுறை வாசித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு என்னைத் தன் பக்கத்தில் இழுத்து இருத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் பிண்டம் வைத்து, தண்ணீர் விட்டு, எழும்பும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் படத்தைப் பற்றி ஒருபோதும் கேட்கவில்லை.